எஸ்.எஸ்.டி. தடுமாறுகிறதா? விலை உயர்ந்த லேப்டாப்பில் சேமிப்பகக் கோளாறைக் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். முதலில், முக்கியமான கோப்புகளை வெளி டிரைவிலோ கிளவுடிலோ நகலெடுத்து வையுங்கள். வேகச் சோதனை, ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ஏற்றுவது, மூடியைக் கழற்றுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். சாகக் கிடக்கும் எஸ்.எஸ்.டி.யில் (கோப்புகளைச் சிப்புகளில் சேமிக்கும் டிரைவ்) வேகச் சோதனை ஓட்டினால், அந்தச் சோதனையே பல ஜிபி எழுதித் தள்ளி, கோப்புகளைக் காப்பாற்றக் கிடைத்த கடைசி வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

அடுத்து, உங்கள் லேப்டாப்பில் இருப்பது கழற்றி மாற்றக்கூடிய எம்.2 (மெல்லிய பட்டை வடிவ) டிரைவா, மதர்போர்டிலேயே சாலிடர் செய்த சிப்பா என்று தெரிந்துகொள்ளுங்கள். விலையை வைத்து இதை ஊகிக்கவே முடியாது. லெனோவோ, டெல், எச்பி மூன்றும் தங்கள் சர்வீஸ் மேனுவலைப் பொதுவில் வெளியிடுகின்றன. உங்கள் மாடலின் மேனுவலைத் திறந்து, எஸ்.எஸ்.டி.யைக் கழற்றும் அத்தியாயம் தனியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் ரேம் சாலிடர் செய்யப்பட்டது, எஸ்.எஸ்.டி. கழற்றக்கூடியது. ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 13-இல் இரண்டையும் மாற்றலாம் (எஸ்.எஸ்.டி. 2280 அளவு, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்). சர்ஃபேஸ் லேப்டாப்பில் 2019-இல் வந்த மூன்றாம் தலைமுறை முதல் 2230 அளவு டிரைவைக் கழற்ற முடியும். மேக்புக் ஏரில் 2018 மாடல் முதலும், மேக்புக் புரோவில் 2016-இன் டச் பார் மாடல்கள் முதலும் சேமிப்பகம் லாஜிக் போர்டோடு ஒட்டியது. அதை இயக்கும் கன்ட்ரோலரே 2018-க்குப் பிந்தைய மாடல்களில் டி2 சிப்புக்குள்ளும், பிறகு ஆப்பிளின் எம் வரிசை சிப்புக்குள்ளும் போய்விட்டது.

கீழே சொல்லும் வழிகளில் பாதி, கழற்றக்கூடிய வகைக்கு மட்டுமே பொருந்தும். சாலிடர் வகையில் கோளாறு வந்த பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு. அங்கே பேக்கப் ஒன்றுதான் உண்மையான ரிப்பேர்.

அறிகுறி: புது லேப்டாப், ஆனால் விளம்பரத்தில் போட்ட வேகம் வரவில்லை

எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் வருவது பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும் வேகம். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளில் அது மேல் வரிசை. நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடிய உச்சம் இது: பழைய சாட்டா இணைப்பில் நொடிக்கு 550 எம்பி, அதைவிட வேகமான பிசிஐஇ இணைப்பின் 3.0 தலைமுறையில் நான்கு லேன்களில் (தரவு ஓடும் தடங்கள்) 3,500, 4.0-இல் 7,000; 5.0-இல் 14,000 அருகில். லேன் இரண்டாகக் குறைந்தால் வேகமும் பாதியாகும்.

உங்களுக்கு வந்த எண் இந்தப் படிகளில் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 7,000 வரவேண்டிய டிரைவ் 3,400-இல் நின்றால் அது டிரைவின் குறையாக இருப்பது அபூர்வம். இணைப்பு ஒரு படி கீழே ஓடுகிறது. டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து, டிரான்ஸ்ஃபர் மோட் என்ற பெட்டியைப் படியுங்கள். இடப்பக்கம் இப்போது ஓடும் இணைப்பு, வலப்பக்கம் டிரைவால் முடிந்த இணைப்பு. இரண்டும் ஒன்றாக இருந்தால் இணைப்பில் குறையில்லை. இடப்பக்கம் குறைவாக இருந்தால் மேனுவலில் அந்த ஸ்லாட்டின் தலைமுறையைச் சரிபாருங்கள். சில லேப்டாப்களில் முதல் ஸ்லாட் 4.0, இரண்டாவது 3.0 அல்லது இரண்டு லேன் மட்டும் என்று இருக்கும். மேனுவல்படி ஸ்லாட் போதுமானதாக இருந்தும் எண் குறைந்தால், டிரைவ் முழுதாக உட்காரவில்லை என்று சந்தேகப்படுங்கள். கழற்றி மாட்டும் முறை பின்னால் வருகிறது.

சோதிக்கும்போது சார்ஜர் மாட்டியிருக்கட்டும், பேட்டரி சேவர் அணைந்திருக்கட்டும். பல லேப்டாப்கள் பேட்டரியில் ஓடும்போது சேமிப்பக இணைப்பைச் சிக்கனத்தில் வைக்கின்றன.

இன்னொரு காரணத்தைக் கருவி எதுவும் காட்டிக் கொடுக்காது: சிப்புகளின் எண்ணிக்கை. கன்ட்ரோலர் ஒரே நேரத்தில் பல நேண்ட் சிப்புகளோடு (தரவு தங்கும் சிப்புகள்) பேசித்தான் வேகத்தைக் கூட்டுகிறது. 2022-இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிபி மாடலில் இருந்தது ஒரே ஒரு நேண்ட் சிப். முந்தைய எம்1 மாடலில் அதே 256 ஜிபி இரண்டு சிப்புகளில் பிரிந்திருந்தது. விளைவாக, படிக்கும் வேகம் நொடிக்கு 2,900 எம்பி அருகிலிருந்து சுமார் 1,450-க்கு இறங்கியது. 2024-இன் எம்3 ஏரில் மறுபடி இரண்டு சிப்புகளுக்குத் திரும்பினார்கள். இது பழுதல்ல; சரிசெய்யவும் முடியாது. அதனால், எந்த லேப்டாப் ஆனாலும் அடிப்படைக் கொள்ளளவு மாடலை வாங்குமுன் அதே கொள்ளளவில் எடுத்த சோதனை முடிவைத் தேடிப் படியுங்கள். விமர்சனங்களுக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் 512 ஜிபி அல்லது 1 டிபி மாடல்.

அன்றாட உணர்வைத் தீர்மானிப்பது மேல் வரிசை எண் அல்ல, அடி வரிசை: 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வேகம். நல்ல என்விஎம்இ டிரைவில் (பிசிஐஇ இணைப்பில் ஓடும் வகை) இது 40 முதல் 90 எம்பி வரை இருக்கும். மேல் வரிசை தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பாகிறது. அடி வரிசை அப்படி நகர்வதில்லை. இந்த எண் சரியாக இருந்தால், மேல் வரிசையில் சில நூறு குறைவதற்காக டிரைவை மாற்றுவது வீண் செலவு. இது 20-க்குக் கீழே விழுந்தால்தான் பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ், பவர் அமைப்பு, பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் குறியாக்கம்) என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: நகலெடுக்கும்போது வேகமாகத் தொடங்கி, பிறகு சரிந்துவிடுகிறது

இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. 100 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை எழுத விட்டு, பக்கத்தில் டிரைவின் வெப்பநிலையைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

வெப்பம் 50, 55 டிகிரியில் நிற்க, வேகம் ஒரு கட்டத்தில் படியிறங்கி அங்கேயே சமமாக ஓடினால், கேஷ் (வேகமாக எழுதப் பயன்படும் தற்காலிகப் பகுதி) தீர்ந்திருக்கிறது. டிஎல்சி செல் ஒன்றில் 3 பிட், க்யூஎல்சி செல் ஒன்றில் 4 பிட் தங்கும். காலியாக உள்ள செல்களில் முதலில் ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் அவற்றை நெருக்கி அடுக்குவது டிரைவின் தந்திரம். க்யூஎல்சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருந்தால், இந்த வேகப் பகுதி அதிகபட்சம் 50 ஜிபிதான் இருக்க முடியும். டிரைவ் நிரம்ப நிரம்ப அதுவும் சுருங்கும். தீர்ந்த பிறகு, பழைய க்யூஎல்சி டிரைவுகள் நொடிக்கு 100 எம்பி அருகில், ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்குவதுண்டு. வேகச் சோதனை இதைக் காட்டாது. இயல்பாக அது எழுதுவது 1 ஜிபி மட்டுமே, அது கேஷுக்குள் அடங்கிவிடும். சோதனை அளவை 64 ஜிபிக்கு உயர்த்தினால் உண்மை முகம் தெரியும். ஆனால் அடிக்கடி செய்யாதீர்கள், ஒவ்வொரு சுற்றும் செல்களின் ஆயுளைத் தின்கிறது.

இதற்குத் தீர்வு: 15 முதல் 20 சதவீதம் இடத்தைக் காலியாக விடுவது, பெரிய வேலைகளுக்கு இடையே டிரைவுக்கு ஓய்வு கொடுப்பது. தினமும் நூறு ஜிபிக்கு மேல் வீடியோ கொட்டுபவராக இருந்தால் டிஎல்சி டிரைவுக்கு மாறுவதுதான் வழி.

வெப்பம் 80 டிகிரியை நெருங்க, வேகம் ரம்பப் பல் போல ஏறி ஏறி இறங்கினால், டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை வெட்டுகிறது. மெல்லிய லேப்டாப்களில் டிரைவ் ப்ராசஸருக்கு ஒட்டியே இருப்பதால் இது சாதாரணம், அதிலும் 2230 டிரைவில் வெப்பம் பரவ இடமே கிடையாது. மூடியைத் திறந்து, டிரைவின் மேல் இருந்த தெர்மல் பேட் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவ் மாற்றும்போது பழைய டிரைவோடு ஒட்டி வந்து, அப்படியே தூக்கி எறியப்படும் பொருள் இதுதான். புதிது வைக்கும்போது பழையதன் தடிமனையே வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் பேட் இருந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வைத்தால் மூடி டிரைவை அழுத்தி வளைக்கும். சிப்பின் அடியிலுள்ள சாலிடர் விரிசல் விடும். இரு பக்கமும் சிப் உள்ள டிரைவுகள் மெல்லிய உடலுக்குள் இதே காரணத்தால் பொருந்துவதில்லை, ஒரு பக்க டிரைவே பாதுகாப்பு.

ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் மெதுவாக இருந்தால் அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், அனுமதி, ஆன்டிவைரஸ் சோதனை என்று தனி வேலை இருக்கிறது. ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள்.

அறிகுறி: சில நொடிகள் எல்லாமே உறைந்து நின்று, பிறகு தானாக ஓடுகிறது

கவனமாகப் படிக்க வேண்டிய அறிகுறி இது. மவுஸ் நகரும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதில் வராது. அரை நிமிடம் கழித்து எல்லாம் ஒரே மூச்சில் திறக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், ஆனால் வேகம் பூஜ்யம்.

உறைந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பகுதியில் சிஸ்டம் பட்டியலுக்குப் போய், அதே நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள். நான்கு எண்களை நினைவில் வைத்தால் போதும்.

129: டிரைவ் பதில் தராததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்தது.
153: ஒரு கட்டளை தோற்று, மறுபடி அனுப்பப்பட்டது.
11: கன்ட்ரோலர் பிழை.
7: படிக்க முடியாத பகுதி.

இவற்றில் 7 வந்தால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுக் கோப்புகளை வெளியே எடுங்கள். டிரைவை மாற்ற வேண்டும். 129 மட்டும் வருகிறது, டிரைவின் ஆரோக்கியப் பதிவு சுத்தமாக இருக்கிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் மின்சிக்கனம். டிரைவ் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை. பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பகுதியின் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை அணைத்து இரண்டு நாள் பாருங்கள். உறைதல் நின்றால் காரணம் உறுதியாகிவிட்டது. அப்படியே விட்டால் பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரும். நிரந்தரத் தீர்வு டிரைவின் ஃபர்ம்வேரையும் லேப்டாப்பின் பயாஸையும் (லேப்டாப் திறக்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பது. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். எது சரிசெய்தது என்று தெரியாமல் போனால், அடுத்த முறை மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

இனி ஆரோக்கியப் பதிவு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல எண்களைப் பதினாறின் அடிப்படையில் காட்டுவதால் பலர் குழம்பிப்போகிறார்கள். ஃபங்ஷன் மெனுவின் அட்வான்ஸ்டு பகுதியில் ரா வேல்யூஸ் என்பதைப் பத்தின் அடிப்படைக்கு மாற்றுங்கள். பிறகு இப்படிப் படியுங்கள்.

கிரிட்டிக்கல் வார்னிங் 0 ஆக இருக்க வேண்டும். 1 என்றால் மாற்றுச் செல்கள் வரம்புக்குக் கீழே போய்விட்டன. 2 வெப்பத்தைக் குறிக்கும், 4 நம்பகத்தன்மை குறைந்துவிட்டதை. 8 வந்தால் டிரைவ் இனி எழுத விடாது, படிக்க மட்டும் அனுமதிக்கும். எட்டைக் கண்டால் அதை ஒரு வரமாக எடுத்துக்கொண்டு உடனே எல்லாவற்றையும் நகலெடுங்கள். ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

அவைலபிள் ஸ்பேர் 100-இல் தொடங்கி இறங்கும். பர்சன்டேஜ் யூஸ்டு 0-இல் தொடங்கி ஏறும். பின்னது 100-ஐத் தொட்டால் உடனே சாவு என்று பொருளல்ல, உற்பத்தியாளர் கணித்த ஆயுள் முடிந்தது என்று மட்டுமே பொருள். இவை இரண்டையும்விட நான் நம்புவது மீடியா அண்டு டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ் என்ற வரி. அது பூஜ்யமாக இல்லாமல், ஒரு வாரத்தில் மேலும் ஏறியிருந்தால், மற்ற வரிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிரைவை மாற்றிவிடுவேன்.

டேட்டா யூனிட்ஸ் ரிட்டன் என்பதில் ஒரு யூனிட் 5,12,000 பைட். 4 கோடி யூனிட் என்றால் 20.48 டிபி எழுதப்பட்டிருக்கிறது. 600 டிபி எழுதும் உத்தரவாதத்தோடு வரும் 1 டிபி டிரைவில் அது மூன்றரை சதவீதம்கூட இல்லை. அதிகம் எழுதிவிட்டோமோ என்ற பயத்தில் பிரவுசர் கேஷை அணைப்பது, ஹைபர்னேஷனை நிறுத்துவது போன்றவை பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. அன்சேஃப் ஷட்டவுன்ஸ் நூற்றுக்கணக்கில் இருந்தால் மட்டும், பேட்டரி திடீரென்று கைவிடுகிறதா என்று பாருங்கள்.

சில டிரைவுகளில் உறைதலுக்கும் சாவுக்கும் ஃபர்ம்வேரே காரணம் என்று வெளிப்படையாகத் தெரியவந்திருக்கிறது. சாம்சங் 980 புரோவின் 2 டிபி டிரைவில் 3பி என்று தொடங்கும் ஃபர்ம்வேர் இருந்தால் அது டிரைவைப் படிக்க மட்டும் முடிந்த நிலைக்குத் தள்ளக்கூடியது. 5பி என்று தொடங்கும் பதிப்பு அதைத் தடுக்கிறது, ஆனால் ஏற்கெனவே அந்த நிலைக்குப் போன டிரைவை மீட்டெடுக்காது. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 வந்தபோது, வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 வரிசைகளின் 2 டிபி டிரைவுகள் நீலத்திரையில் முடிந்தன. அவற்றில் சொந்த டிராம் (தற்காலிக நினைவகச் சிப்) கிடையாது. கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கும். முன்பு 64 எம்பி கொடுத்துவந்த விண்டோஸ், அந்தப் பதிப்பில் டிரைவ் கேட்ட 200 எம்பியையும் கொடுத்தது. டிரைவால் அதைக் கையாள முடியவில்லை. ஃபர்ம்வேர் புதுப்பித்ததும் தீர்ந்தது. ஆகவே நீலத்திரை புதிய விண்டோஸ் பதிப்போடு தொடங்கியிருந்தால், டிரைவைக் கழற்றுமுன் அதன் உற்பத்தியாளர் தரும் மென்பொருளில் ஃபர்ம்வேர் பதிப்பைப் பாருங்கள். ஏற்றும்போது சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும்.

மேக்கில் இதே உறைதல் வந்தால் முதலில் ஆக்டிவிட்டி மானிட்டரின் மெமரி பக்கத்தைத் திறங்கள். மெமரி பிரஷர் மஞ்சளிலோ சிவப்பிலோ இருந்து, ஸ்வாப் யூஸ்டு பல ஜிபி காட்டினால், ரேம் போதாமல் எஸ்.எஸ்.டி.யை ரேமாகப் பயன்படுத்துகிறது, டிரைவில் குற்றமில்லை. பச்சையாக இருந்தும் உறைந்தால் டிஸ்க் யுட்டிலிட்டியில் எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி வைத்து, ஃபர்ஸ்ட் எய்டைக் கீழிருந்து மேலாக ஓட்டுங்கள்: முதலில் வால்யூம்கள், பிறகு கன்டெய்னர், கடைசியில் டிஸ்க். ரெக்கவரியில் இருந்து ஓட்டினால் முழுமையாகப் பார்க்கும்.

அறிகுறி: கோப்புகளை அழித்தும் இடம் திரும்பவில்லை

மேக்கில் பெரும்பாலும் காரணம் ஸ்னாப்ஷாட்தான், அதாவது டிரைவின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் பதிவு. டைம் மெஷின் எடுக்கும் உள் ஸ்னாப்ஷாட்கள் 24 மணி நேரம் நிற்கும். அதுவரை அழித்த கோப்பின் இடம் உங்களுக்குக் கிடைக்காது. டிஸ்க் யுட்டிலிட்டியின் வியூ மெனுவில் ஸ்னாப்ஷாட்களைக் காட்டச் சொல்லி, பழையவற்றை நீக்கலாம். விண்டோஸில் சிஸ்டம் ரீஸ்டோர், பழைய விண்டோஸ் ஃபோல்டர், அப்டேட் மிச்சங்கள் மூன்றையும் ஸ்டோரேஜ் அமைப்புகளின் வழியாகவே அகற்றுங்கள், கையால் ஃபோல்டரை அழிக்க வேண்டாம்.

இடம் திரும்பிய பிறகும் எழுதும் வேகம் மோசமாக இருந்தால் ட்ரிம் (அழித்த கோப்புகளின் இடத்தை டிரைவுக்குத் தெரிவிக்கும் வேலை) நடக்கிறதா என்று பாருங்கள். டிஃப்ராக்மென்ட் அண்டு ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் சாளரத்தில் உங்கள் டிரைவ் சாலிட் ஸ்டேட் என்று காட்டப்பட வேண்டும், கடைசியாக ஓடிய தேதி சமீபத்தியதாக இருக்க வேண்டும். ட்ரிம் ஓடிய டிரைவில் அழித்த கோப்பை மீட்பது அநேகமாக நடக்காது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அறிகுறி: வெளி எஸ்.எஸ்.டி. மட்டும் மெதுவாக இருக்கிறது

நொடிக்கு 40 எம்பி அருகில் நின்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு மேல் டேட்டா கடத்தாதவை. 450 அருகில் என்றால் 5 ஜிகாபிட் போர்ட், 1,000 அருகில் என்றால் 10 ஜிகாபிட். 20 ஜிகாபிட் டிரைவை வாங்கி, அந்த முறையை ஆதரிக்காத லேப்டாப்பில் சொருகினால் 10-க்கே இறங்கும். தண்டர்போல்ட் போர்ட் இருப்பதால் மட்டும் 20 கிடைத்துவிடாது.

அறிகுறி: லேப்டாப் திறக்கும்போது டிரைவே இல்லை என்கிறது

பயாஸுக்குள் போய் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கோளாறு பூட் அமைப்பிலோ விண்டோஸிலோ. தெரியவில்லை என்றால் டிரைவ், ஸ்லாட் இரண்டில் ஒன்று. கழற்றக்கூடிய வகையாக இருந்தால் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

ஸ்க்ரூடிரைவர் சரியானதாக இருக்கட்டும். பல விண்டோஸ் லேப்டாப்களுக்கு பிலிப்ஸ் 0, ஃப்ரேம்வொர்க்குக்கும் பல எக்ஸ்பிஎஸ் மாடல்களுக்கும் டார்க்ஸ் டி5, மேக்புக்கின் அடிமூடிக்கு பென்டலோப் பி5. ரப்பர் பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ இருக்கிறதா என்பதை மேனுவலில் உறுதிசெய்யாமல் மூடியை நெம்பாதீர்கள். சில மாடல்களில் ஸ்க்ரூ மூடியிலேயே தங்கும்படி செய்திருப்பார்கள். தளர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், பிடுங்கக் கூடாது. வெவ்வேறு நீள ஸ்க்ரூக்கள் இருந்தால் காகிதத்தில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் திருகினால் அது போர்டையே துளைத்துவிடும்.

1. முழுதாக ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். திங்க்பேட்களில் பயாஸின் கான்ஃபிக் பகுதியில் பவர் என்பதற்குள் உள் பேட்டரியை முடக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.
2. மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. உலோகக் கருவியால் நெம்பாமல் நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ எடுங்கள்.
3. டிரைவின் முனையிலுள்ள ஒற்றை ஸ்க்ரூவை எடுத்ததும் அது தானாகச் சாய்ந்து எழும். அந்தச் சாய்விலேயே, நேராக வெளியே இழுங்கள்.
4. தங்க நிறத் தொடுமுனைகளை விரலால் தொடாமல், தூசி இருந்தால் ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் துடைத்து உலரவிடுங்கள்.
5. அதே சாய்வில் திரும்பச் செருகுங்கள். தங்க முனை கண்ணுக்கு மெல்லிய கோடாக மட்டும் தெரிய வேண்டும். பாதி தெரிந்தால் உட்காரவில்லை. தட்டையாக அழுத்தி ஸ்க்ரூவை விரல் பலத்தில் மட்டும் முறுக்குங்கள்.

இன்னும் தெரியவில்லை என்றால், டிரைவை என்விஎம்இக்கான யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேறொரு கணினியில் சொருகுங்கள். அங்கே தெரிந்தால் ஸ்லாட்டிலோ போர்டிலோ பழுது. அங்கும் தெரியாவிட்டால் டிரைவ் போய்விட்டது. சாட்டா டிரைவுக்கான பெட்டியில் என்விஎம்இ டிரைவ் வேலை செய்யாது, இரண்டும் ஒரே உருவத்தில் இருந்தாலும்.

புதிய டிரைவ் வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள்: 2230, 2242, 2280 எல்லாம் 22 மில்லிமீட்டர் அகலம், 30, 42, 80 என்பவை நீளம். குட்டை டிரைவை நீட்டிப்புத் தகட்டோடு நீள இடத்தில் பொருத்தலாம், நீள டிரைவைக் குட்டை இடத்தில் பொருத்த முடியாது.

அறிகுறி: புது டிரைவ் பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் நிறுவும்போது தெரியவில்லை

11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் லேப்டாப்களில் இது வழக்கமான தடை. பயாஸில் விஎம்டி (டிரைவுகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) இயங்குவதால், டிரைவ் அதன் பின்னால் ஒளிந்து நிற்கிறது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, நிறுவும் யுஎஸ்பியில் ஒரு ஃபோல்டரில் போட்டு, லோட் டிரைவர் பொத்தானால் காட்டுங்கள். சுத்தமாகப் புதிதாக நிறுவுவதாக இருந்தால் விஎம்டியை அணைத்துவிட்டும் நிறுவலாம்.

ஏற்கெனவே ஓடும் விண்டோஸில் அதை அப்படியே அணைத்தால் இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ் என்ற நீலத்திரை வரும். முதலில் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள், எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் தேர்ந்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்த பிறகு சேஃப் பூட்டை நீக்குங்கள்.

பிட்லாக்கரை இடைநிறுத்தாமல் பயாஸில் கைவைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். நீங்கள் இயக்கிய நினைவே இல்லாவிட்டாலும் குறியாக்கம் ஓடிக்கொண்டிருக்கலாம், புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் அது தானாகவே இயங்கிவிடுகிறது. சாவி பெரும்பாலும் நீங்கள் முதலில் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பல சாவிகள் தெரிந்தால், திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். இன்றே அதைத் தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் டிரைவை எந்தக் கணினியில் மாட்டினாலும் திறக்காது.

அறிகுறி: சாலிடர் செய்த சேமிப்பகம், லேப்டாப் திறக்கவே இல்லை

ஆப்பிள் எம் வரிசை மேக்கில் உள் சேமிப்பகம் செத்துவிட்டால் வெளி டிரைவிலிருந்தும் அதைத் திறக்க முடியாது. திறப்பதற்கான முதல் கட்டமும் பாதுகாப்பு விதிகளும் உள்ளேதான் இருக்கின்றன. ஆனால் திரையில் ஆச்சரியக்குறி வந்தால் உடனே செத்ததாக முடிவுகட்டாதீர்கள்; ஃபர்ம்வேர் மட்டும் கெட்டிருக்கலாம். இன்னொரு மேக்கோடு யுஎஸ்பி-சி கேபிளில் இணைத்து, டிஎஃப்யூ என்ற, ஃபர்ம்வேரை மீண்டும் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோய், ஆப்பிள் கான்ஃபிகரேட்டரில், அல்லது சொனோமா முதல் ஃபைண்டரிலேயே, ரிவைவ் கொடுங்கள். ரிவைவ் கோப்புகளைத் தொடாது. பக்கத்திலேயே இருக்கும் ரீஸ்டோர் எல்லாவற்றையும் அழிக்கும். எந்த போர்ட்டில் சொருக வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், ஆப்பிளின் பக்கத்தில் பார்த்துச் செய்யுங்கள்; தவறான போர்ட்டில் டிஎஃப்யூவே வராது.

ரெக்கவரி வரை திறக்கிறது, மேக்ஓஎஸ் திறக்கவில்லை என்றால் கோப்புகளை எடுக்க வழி இருக்கிறது. யுட்டிலிட்டீஸ் மெனுவில் ஷேர் டிஸ்க் கொடுத்து, கேபிளால் இணைத்த இன்னொரு மேக்கில் நெட்வொர்க் பகுதியில் திறந்து நகலெடுக்கலாம்.

ரிவைவும் தோற்றால் போர்டு வேலைதான். நேண்ட் சிப்பை மட்டும் எடுத்து வேறு போர்டில் பொருத்தினால் கோப்புகள் வராது; குறியாக்கச் சாவி பழைய போர்டின் ப்ராசஸர் சிப்போடு பிணைந்தது. அதே போர்டை உயிர்ப்பித்தால் மட்டுமே டேட்டா. சேமிப்பகத்துக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஒரு கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால் சிப் அளவில் வேலை தெரிந்தவர் அதை மாற்றி மீட்டுவிட முடியும். நிறுவன சர்வீஸ் மையங்களின் வழக்கம் முழுப் போர்டையும் மாற்றுவது. லேப்டாப் திரும்பி வரும், கோப்புகள் வராது. எங்கே கொடுத்தாலும், டேட்டா வேண்டும், ரீஸ்டோர் செய்யக் கூடாது, கேட்காமல் போர்டை மாற்றக் கூடாது என்று வேலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லி, நகலை வாங்கிக்கொண்டு லேப்டாப்பை ஒப்படையுங்கள்.